தபால்காரர் போகாத ஊர்

நாஷ்வில்லிலிருந்து வடக்கே 431ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் டென்னசி முடிந்து கென்டக்கி தொடங்கும். ரஸ்ஸல்வில், லூயிஸ்பர்க் என்று சின்னச் சின்ன ஊர்களைத் தாண்டினால் ட்ரேக்ஸ்பரோ. அங்கே 176ஆம் எண் சாலையில் திரும்பிப் போகும்போது இருபக்கமும் புல், குட்டைகள், அதிக வயதாகாத மரங்கள். பச்சைப் பசேலென்றுதான் இருக்கிறது. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தால் நிலத்தின் மேடு பள்ளங்களில் ஏதோ இடிக்கிறது. இயற்கையாக விழுந்த சரிவுகள் இல்லை அவை. தோண்டி, உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு, திரும்ப மூடிய மண். சாலையின் கடைசியில் கம்பி வேலியும் காவலர் கூண்டும் ஒரு மின் நிலையமும் இருக்கின்றன.

"சித்தி, வந்து சேர்ந்தாச்சுன்னு போன் சொல்லுது. எங்க ஊரு?" என்றான் வண்டியை ஓட்டிவந்த அக்கா மகன். நாஷ்வில்லில் வேலை பார்ப்பவன். விடுமுறை நாளைச் சித்திக்காகத் தியாகம் செய்திருந்தான்.

"இதுதான்டா. ஊர் இருந்த இடம்."

"இருந்த இடத்தைப் பாக்க யாராவது இவ்ளோ தூரம் வருவாங்களா?"

வருகிறார்கள். நாங்கள் நின்ற சிறிது நேரத்திலேயே இன்னொரு வண்டி வந்தது. ஓஹாயோ பதிவெண். அதிலிருந்து இறங்கிய தம்பதியும் எங்களைப் போலவே வேலியைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், திரும்பினார்கள். எல்லோரையும் இங்கே இழுத்து வருவது ஒரு பாட்டு. பேரடைஸ் என்ற இந்த ஊரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட, மூன்று நிமிடத்துச் சொச்சம் ஓடும் பாட்டு. 1971இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் அதைப் பாடியவர் ஜான் ப்ரைன். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அதற்குச் சில மாதங்கள் முன்பு வரை தபால்காரர்.

அமெரிக்காவில் கன்ட்ரி, ஃபோக் என்று இரண்டு பாட்டு வகைகளுக்கு நடுவே ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார்கள். கன்ட்ரி என்றால் தெற்கு, நாஷ்வில், வானொலி, பெரிய தொப்பி. ஃபோக் என்றால் வடக்கு, கல்லூரி, காபிக் கடை, அரசியல். ப்ரைன் ஐம்பது ஆண்டுகள் இந்தக் கோட்டின் மீதே நடந்தார். பல வகைகளில் எழுதியவர் என்று அவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதுண்டு. அது உண்மைதான், ஆனால் வகை என்றால் தாளமும் வாத்தியமும் என்று நினைத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவர் மாற்றிக்கொண்டே போனது குரலை. இருபத்து நான்கு வயதுக்குள் ஒரு கிழவராக, நடுவயது மனைவியாக, போரிலிருந்து திரும்பியவனின் பிள்ளையாகப் பேசிவிட்டார். இந்த வித்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தான் சிகாகோவில் தொடங்கி இந்த வேலி வரை வந்திருந்தேன்.

சிகாகோ நடுநகரிலிருந்து மேற்கே புறநகர் ரயிலில் கொஞ்ச தூரம் போனால் மேவுட். 1946 அக்டோபர் 10ஆம் தேதி ப்ரைன் பிறந்த ஊர். அப்பா வில்லியம் ப்ரைன் கருவிகளும் அச்சுகளும் வடிக்கும் தொழிலாளி. அமெரிக்கன் கேன் கம்பெனியில் வேலை, தொழிற்சங்கத் தலைவரும்கூட. அப்பாவும் அம்மா வெர்னாவும் கென்டக்கியின் பேரடைஸ்காரர்கள். பிழைப்புத் தேடி வடக்கே வந்தவர்கள் ஆண்டுதோறும் கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். ஆக, பேரடைஸ் அவருக்குப் பிறந்த ஊர் இல்லை, வளர்ந்த ஊரும் இல்லை. விடுமுறைக்குப் போன பாட்டி வீடு. அந்த மாதிரி ஊர்தான் மனதில் கெட்டியாக நிற்கும். அங்கே நமக்கு வேலை எதுவும் இருந்திருக்காது.

மேவுட்டில் ரயில் பாதை ஊரின் நடுவே தரையோடு தரையாக ஓடுகிறது. கேட் இறங்குகிறது, மணி அடிக்கிறது, சரக்கு ரயில் போகப் போகப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பாதையில் நடந்த ஒரு சம்பவத்தை ப்ரைன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பையனாக இருந்தபோது ஒரு தேவாலயத்தில் பனி அள்ளும் வேலைக்குக் காலையில் நடந்து போகிறார். வழியில் கூட்டம். பூசைக்கு உதவப் போன வேறொரு தேவாலயத்துப் பையன், தண்டவாளத்தில் நடந்தவன், பின்னால் வந்த ரயிலில் அடிபட்டு இறந்திருக்கிறான். எந்த வீட்டுப் பையன் என்று உடனே தெரியவில்லை. அந்த நேரத்துக்கு வீட்டில் இல்லாத பிள்ளைகளின் தாய்மார்கள் நிற்கிறார்கள். யாருடையவன் என்று தெரிந்ததும் மற்ற அம்மாக்களின் முகத்தில் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியை அந்த ஒரு அம்மாவுக்கு முன்னால் காட்டவும் முடியவில்லை. 1978இல் வந்த 'ப்ரூஸ்டு ஆரஞ்ச்' இசைத்தட்டின் தலைப்புப் பாட்டு அங்கிருந்து வந்தது. செத்தவனைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்த பையன் என்ன ஆவான்? பாட்டுக்காரன் ஆகாவிட்டாலும் வேறு ஏதாவது எழுதுகிறவனாக ஆகியிருப்பான்.

ப்ரைன் படித்த ப்ரொவைசோ ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில்தான், அவருக்கு இரண்டு ஆண்டு இளையவரான ஃப்ரெட் ஹாம்ப்டனும் படித்தார். பிளாக் பேந்தர் இயக்கத்தின் இல்லினாய் தலைவர், 1969இல் இருபத்தொரு வயதில் போலீஸ் சுட்டுக் கொன்ற அதே ஹாம்ப்டன். கறுப்பரும் வெள்ளையருமான தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கியும் முட்டிக்கொண்டும் வாழ்ந்த ஊர் மேவுட். கிராமத்துப் பாடகர் என்று ப்ரைனுக்கு முத்திரை குத்துகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முதல் இசைத்தட்டின் அட்டையில் வைக்கோல் கட்டின் மேல் அவர் உட்கார்ந்திருப்பார். அது இசைத்தட்டுக் கம்பெனியின் யோசனை. வாழ்நாளில் அதற்கு முன் வைக்கோல் கட்டில் உட்கார்ந்ததே இல்லை என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பதினான்கு வயதில் அண்ணன் டேவ் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். பள்ளி முடிந்து தபால் வேலை; நடுவில் ராணுவம் கூப்பிட்டது. கூட்டாளிகள் வியட்நாம் போனார்கள். இவரை மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பி வண்டிகளைப் பழுது பார்க்கச் சொன்னார்கள். திரும்பி வந்து மறுபடி தபால் பை. வெஸ்ட்செஸ்டர் என்ற பக்கத்து ஊரில் வீடு வீடாகக் கடிதம் போட்டார். பாதை பழகிவிட்டால் கால் தன்பாட்டில் நடக்கும், தலை சும்மா இருக்கும். அந்த நேரத்தில் வரிகள் கட்டினார். சிகாகோ குளிர்காற்று தாங்காதபோது, தபால்காரர்களுக்காகத் தெருமுனையில் மூட்டைகளை வைத்துப் பூட்டும் பெரிய இரும்புப் பெட்டிக்குள் நுழைந்து உட்கார்ந்து சாண்ட்விச் தின்பாராம். அந்தப் பெட்டிக்குள்ளும் பாட்டு எழுதியதாகச் சொன்னார். இப்போதும் சில தெருமுனைகளில் அந்தப் பச்சைப் பெட்டிகள் நிற்கின்றன. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஒரு ஆள் குந்தி உட்காரலாம், நிமிர முடியாது.

'ஹலோ இன் தேர்' முதியவர்களைப் பற்றிய பாட்டு. பையனாக இருந்தபோது நண்பனுக்குத் துணையாக ஒரு முதியோர் இல்லத்தில் செய்தித்தாள் போடப் போயிருக்கிறார். உள்ளே போய் ஒவ்வொரு அறையிலும் கொடுக்க வேண்டும். சில கிழவர்கள் இவர்களைப் பேரன் என்றோ உறவுக்காரப் பிள்ளை என்றோ பக்கத்துப் படுக்கைக்காரரிடம் காட்டிக்கொள்வார்களாம், தங்களைப் பார்க்கவும் ஆள் வருகிறது என்று தெரியட்டும் என்பதற்காக. பையன்களும் மறுக்க மாட்டார்கள். பேப்பர் போட்டது, தபால் போட்டது, இரண்டும் வாசல்படி வேலை. உள்ளே போய் உட்கார உரிமை கிடையாது. ஆனால் கதவு திறக்கும் அந்த நொடியில் வீட்டின் வாசனை, வானொலிச் சத்தம், யார் முகம் கொடுக்கிறார்கள், யார் கொடுப்பதில்லை எல்லாம் தெரிந்துவிடும். ப்ரைன் பாட்டுகள் அந்த அளவுக்குத்தான் உள்ளே போகின்றன. அதற்கு மேல் போய் யாருடைய மனதையும் கிழித்துக் காட்டுவதில்லை. எனக்கு அவரைப் பிடிப்பதற்கு முதல் காரணம் இந்த மட்டு மரியாதை.

சிகாகோவின் ஆர்மிடேஜ் அவென்யூவில் ஓல்ட் டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக் என்ற இசைப்பள்ளி இருக்கிறது. 1957இல் தொடங்கியது, 1968இல் இந்தத் தெருவுக்கு வந்தது. கிட்டார், பேன்ஜோ என்று எதையாவது தூக்கிக்கொண்டு வேலை முடிந்து மாலையில் வருகிறவர்கள் கும்பலாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் இடம். ப்ரைன் அங்கே படித்தார். அதே தெருவில் ஃபிஃப்த் பெக் என்று ஒரு சின்ன மதுக்கடை. யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். ஒரு நாள் பாடுகிறவர்களைப் பார்த்து ப்ரைன் ஏதோ முணுமுணுக்க, நீ வந்து பாடேன் பார்க்கலாம் என்று ஒருவர் சீண்டியிருக்கிறார். ஏறினார். மூன்று பாட்டு பாடினார். கைதட்டல் வரவில்லை. கூட்டம் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தது. அப்புறம்தான் கைதட்டினார்கள். கடைக்காரர் வாரம் ஒரு நாள் பாட வேலை கொடுத்தார்.

அந்தக் கடைக்கு 1970இல் ஓர் இரவு சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகையின் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் வந்தார். ப்ரைன் சொல்லும் கதைப்படி, பார்க்கப் போன படம் சகிக்கவில்லை, வாங்கிய பாப்கார்னில் உப்பு அதிகம், தாகத்துக்கு ஒரு பீர் குடிக்கலாம் என்று நுழைந்தாராம். பாட்டைக் கேட்டார். படத்தின் விமர்சனத்துக்குப் பதிலாகப் பாடும் தபால்காரரைப் பற்றி எழுதிவிட்டார். ப்ரைனுக்கு வந்த முதல் பத்திரிகை விமர்சனம் அது. மறுவாரத்திலிருந்து கடையில் இடம் இல்லை. அந்தப் பாப்கார்னுக்கு உப்புப் போட்ட புண்ணியவான் யாரென்று யாரும் தேடவில்லை.

அடுத்த ஆண்டு ஸ்டீவ் குட்மன் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' எழுதிய பாடகர். ப்ரைனின் உயிர் நண்பர். பிரபல பாடகர் கிரிஸ் கிரிஸ்டாஃபர்சனுக்கு முன்னால் பாடும் வாய்ப்பு குட்மனுக்குக் கிடைத்திருந்தது. அவர் பாட்டில் மயங்கிப் போன கிரிஸ்டாஃபர்சனிடமும் உடனிருந்த பாடகர் பால் ஆங்காவிடமும் தன்னைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, என் நண்பன் ஒருவனைக் கேட்டே ஆக வேண்டும் என்று நள்ளிரவு தாண்டி வேறொரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். வெல்ஸ் தெருவிலிருந்த எர்ல் ஆஃப் ஓல்ட் டவுன். கடை மூடும் நேரம், நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்த ப்ரைன் இந்த நாலைந்து பேருக்காகப் பாடினார். முடித்ததும் எல்லாவற்றையும் மறுபடி பாடச் சொன்னார் கிரிஸ்டாஃபர்சன். பிறகு நியூயார்க்கில் பிட்டர் எண்ட் மேடையில் ஏற்றிவிட்டதும் அவர்தான். கேட்டுக்கொண்டிருந்த அட்லான்டிக் இசைத்தட்டுக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர் மறுநாளே ஒப்பந்தம் தந்தார். இசைத்தட்டு கடைக்கு வருமுன்பே பாப் டிலனுக்கு அந்தப் பாட்டுகள் தெரிந்திருந்தன. கூடச் சேர்ந்து பாடினார். குட்மன் ரத்தப் புற்றுநோயோடு பல ஆண்டுகள் போராடி 1984இல் இறந்தார். கலைஞர்களுக்குள் பொறாமை இயல்பு என்று சொல்கிறவர்களுக்கு அவர் ஒரு தொந்தரவு.

இனி பேரடைஸ். ராணுவத்தில் ஜெர்மனியில் இருந்தபோது அப்பா ஒரு செய்தித்தாளை அனுப்பியிருந்தார். ஊரை வாங்கி இடித்துவிட்டார்கள் என்ற செய்தி. திரும்பி வந்த பிறகு அப்பாவுக்காக எழுதிய பாட்டு அது. முதல் இசைத்தட்டின் ஒலிநாடா கையில் கிடைத்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். இந்தப் பாட்டு வரும்போது அப்பா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, ஜூக்பாக்ஸிலிருந்து வருகிற மாதிரி கேட்க வேண்டும் என்றாராம். ஊரில் மதுக்கடை ஜூக்பாக்ஸில் பாட்டு கேட்டு வளர்ந்தவருக்கு, மகன் பாட்டும் அப்படி வந்தால்தான் நிஜப் பாட்டு. அந்த ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

பாட்டு பழியைத் தூக்கி ஒரே ஆள் தலையில் போடுகிறது: பீபாடி நிலக்கரிக் கம்பெனி. வேலிக்கு முன்னால் நின்றுகொண்டு யோசித்தால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. பீபாடி கம்பெனி சுற்றுவட்டாரத்தையே திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டியது உண்மை. 1962இல் அங்கே கொண்டுவந்த ராட்சதத் தோண்டி உலகத்திலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. ஒரு அள்ளலில் 115 கன கெஜம் மண். வேலை முடிந்ததும் பிரித்து விற்கக் கட்டுப்படியாகாமல் தோண்டிய குழியிலேயே அதைப் புதைத்துவிட்டார்கள். இந்தப் புல்வெளிக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. ஆனால் ஊரை வாங்கி வீடுகளை இடித்தது பீபாடி இல்லை. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், அதாவது மத்திய அரசின் நிறுவனம். ரூஸ்வெல்ட் காலத்தில் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்த புகழ் அதற்கு உண்டு. பேரடைஸ் அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு அலகுகள் 1963இல் ஓடத் தொடங்கின. புகைபோக்கியிலிருந்து சாம்பல் வீட்டுக் கூரைமேல், துணிக்கொடிமேல், ஆட்கள்மேல் விழுந்தது. உடம்புக்குக் கேடு என்று 1967இல் மிச்சமிருந்த வீடுகளையும் ஆணையமே வாங்கித் தரைமட்டமாக்கியது. தபால் நிலையமும் அதோடு போயிற்று. 1970இல் மூன்றாவது அலகும் வந்தது.

நிலக்கரியைத் தோண்டியவன், எரித்தவன், அந்த மின்சாரத்தில் விளக்குப் போட்டவன் என்று மூன்று பேர் இருக்கும் கதையில் பாட்டு முதல் ஆளை மட்டும் கூண்டில் ஏற்றுகிறது. இது அநியாயமா? ஓரளவுக்கு. ஆனால் ஆணையத்தின் பெயரை வைத்து யாராலும் பாட முடியாது. பீபாடி என்ற பெயருக்கு முன்னால் ஒரு 'திருவாளர்' சேர்த்தால் கையில் கடிகாரம் கட்டிய ஒரு ஆசாமி கண்முன்னே வந்துவிடுகிறான். இருபத்து நான்கு வயதில் ப்ரைனுக்கு இது தெரிந்திருந்தது. கம்பெனிக்கும் தெரிந்திருந்தது போலும். 2013இல் வயோமிங் மாநிலத்தில் அதன் பங்குதாரர் கூட்டத்துக்கு வெளியே கைதான இருவர் பின்னர் வழக்குத் தொடுத்தபோது, மனுவில் இந்தப் பாட்டின் வரிகளைச் சேர்த்திருந்தார்கள். அந்த வரிகளை நீக்க வேண்டும் என்று 2015இல் நீதிமன்றத்தில் கேட்டது பீபாடி. பாட்டு வந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நிலக்கரி எரித்த கடைசி அலகு 2020 பிப்ரவரியில் நின்றது. மூன்று பிரம்மாண்டக் குளிர்விப்புக் கோபுரங்களை 2022 நவம்பரில் வெடி வைத்துச் சாய்த்தார்கள். இப்போது இயங்குவது இயற்கை எரிவாயு நிலையம். ஊரை விழுங்கியது எதுவோ அதுவும் போய்விட்டது.

ட்ரேக்ஸ்பரோவில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். சுரங்கத்தில் இருந்தவர். எங்கே போய் வருகிறோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. பாட்டைப் பற்றிக் கேட்டேன். நல்ல பாட்டுதான், ஆனால் தன் வீடும் பிள்ளைகள் படிப்பும் அந்தக் கம்பெனிச் சம்பளத்தில் வந்தது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பெயர் போன பாட்டு தங்கள் மாவட்டத்தைப் பற்றியது என்ற பெருமையும், அது தங்களைப் பற்றி முழுசாகச் சொல்லவில்லை என்ற குறையும் ஒரே மூச்சில் இருந்தன. கச்சேரிக்கு அவர் போயிருக்கிறாராம், இரண்டு முறை.

கச்சேரி என்று அவர் சொன்னது பக்கத்து சென்ட்ரல் சிட்டியில் 1988 முதல் பல ஆண்டுகள் பாடகர்களான எவர்லி சகோதரர்கள் நடத்திய ஊர்த்திருவிழாக் கச்சேரி. ப்ரைனும் வந்து பாடுவார். இந்த ம்யூலன்பெர்க் மாவட்டம் கிட்டார்க்காரர்களின் மண். கட்டைவிரலால் அடிநாதத்தை விடாமல் தட்டிக்கொண்டே மற்ற விரல்களால் மெட்டு வாசிக்கும் முறை இங்கேதான் தேறியது. மெர்ல் டிராவிஸ் இந்த மாவட்டத்துக்காரர். 'சிக்ஸ்டீன் டன்ஸ்' எழுதியவர், சுரங்கத் தொழிலாளியின் மகன். அவர் பெயரையே அந்த வாசிப்பு முறைக்கு வைத்துவிட்டார்கள். ஐக் எவர்லி இன்னொருவர். பிழைப்புக்காகச் சிகாகோ போய் வாசித்தவர், எவர்லி சகோதரர்களின் அப்பா. மூத்தவர் டான் பிறந்த பிரவுனி என்ற சுரங்கக் குடியிருப்பும் இப்போது இல்லை. ட்ரேக்ஸ்பரோவில் டிராவிஸ், எவர்லி, மோஸ் ரேகர், கென்னடி ஜோன்ஸ் என்று நாலு பேர் நினைவாக நீரூற்று வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும்: ஆர்னல்ட் ஷுல்ட்ஸ். பக்கத்து ஒஹாயோ மாவட்டத்தில் சுரங்க வேலை பார்த்த கறுப்பர். இந்தக் கட்டைவிரல் வாசிப்பு அவரிடமிருந்துதான் கென்னடி ஜோன்ஸ் வழியாக மற்றவர்களுக்குப் போனது. புளூகிராஸ் இசையின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்ரோவும் சிறுவயதில் அவரோடு வாசித்தவர். 1931இல் இறந்த ஷுல்ட்ஸின் வாசிப்பு ஒரு இசைத்தட்டில்கூடப் பதிவாகவில்லை. ப்ரைனின் பாட்டைக் கேட்கும்போது கீழே தடக் தடக் என்று ஓடுகிற அந்தக் கட்டைவிரல், இரண்டு மூன்று கை மாறி அவரிடம் வந்தது.

ப்ரைன் தாமே பெரிய கிட்டார்க்காரர் இல்லை. பெரிய குரல்காரரும் இல்லை. வானொலி அவரைக் கண்டுகொள்ளவும் இல்லை. அவர் பாட்டை மற்றவர்கள் பாடினால் ஓடியது. 'ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்காமரி'யை 1974இல் பாடகி பானி ரெய்ட் எடுத்துக்கொண்டார். பெண் குரலில் எழுதப்பட்ட பாட்டு கடைசியில் ஒரு பெண்ணிடமே போய்ச் சேர்ந்தது. பாடலாசிரியர் ரோஜர் குக்கோடு சேர்ந்து எழுதிய இரண்டு பாட்டுகள் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயின; 1983இல் டான் வில்லியம்ஸ் பாடியது ஒன்று, 1998இல் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பாடியது இன்னொன்று. 1979இல் மெம்ஃபிஸ் போய், எல்விஸைக் கண்டெடுத்த சாம் பிலிப்ஸின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கரடுமுரடான ராக்கபில்லி இசைத்தட்டு ஒன்றும் போட்டார். எனக்கு அது ஒட்டவில்லை. அவர் சத்தம் போடும்போது வார்த்தை காணாமல் போகிறது.

நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தும் அந்த ஊரின் தொழிற்சாலைக்குள் அவர் போகவில்லை. 1981இல் மேலாளர் ஆல் புனெட்டாவோடு ஓ பாய் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். முதலில் வந்தது சிவப்பு நிறத் தட்டில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. பெரிய கம்பெனி இல்லாமல் அடுத்த இசைத்தட்டுக்குப் பணம்? ரசிகர்கள் தபாலில் செக் அனுப்பினார்கள், இன்னும் பதிவே ஆகாத பாட்டுகளுக்காக. 1984இல் 'ஏம்லெஸ் லவ்' வந்தது அப்படித்தான். பழைய தபால்காரருக்கு இதைவிடப் பொருத்தமான முதலீடு கிடைத்திருக்காது. 1991இன் 'தி மிஸ்ஸிங் இயர்ஸ்' கிராமி விருது வாங்கியபோது பெரிய கம்பெனிகள் மூக்கின் மேல் விரல் வைத்தன.

1998இல் கழுத்தில் புற்றுநோய். அறுவை, கதிர்வீச்சு, பிறகு பேச்சுப் பயிற்சி. குரல் இறங்கிக் கரகரத்துவிட்டது. தன் குரலையே பிடிக்காதவர், இப்போதுதான் பிடித்திருக்கிறது என்றார். அந்தக் குரலில் 1999இல் பாடகி ஐரிஸ் டிமென்ட்டோடு 'இன் ஸ்பைட் ஆஃப் அவர்செல்வ்ஸ்' பாடினார்: ஒருவரையொருவர் மானாவாரியாகத் திட்டிக்கொள்ளும் அன்பான தம்பதி. திரும்பி வரும் வழியில் இதைப் போட்டதும் அக்கா மகன் வாய்விட்டுச் சிரித்தான். "அம்மாவும் அப்பாவும் மாதிரியே இருக்கு சித்தி" என்றான். உண்மைதான், நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

2005இல் அரசவைக் கவிஞர் டெட் கூசர் அவரை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அழைத்து மேடையில் உட்காரவைத்துப் பேசினார். 2013இல் நுரையீரலில் புற்று. ஒரு பகுதியை எடுத்தார்கள். 2018இல் 'தி ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்', எழுபத்தொரு வயதில், அதுவரை வந்ததிலேயே விற்பனைப் பட்டியலில் உயரமாக ஏறியது. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி நாஷ்வில்லின் வேண்டர்பில்ட் மருத்துவமனையில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. வயது எழுபத்து மூன்று. அடுத்த ஆண்டு, அவர் கடைசியாகப் பதிவு செய்த பாட்டுக்கு இரண்டு கிராமி.

பேரடைஸ் பாட்டில், தான் செத்தால் சாம்பலை க்ரீன் ஆற்றில் மிதக்கவிட்டு, ஆன்மாவை ரோச்செஸ்டர் அணை வரை போகவிடச் சொல்லியிருந்தார். இருபத்து நான்கு வயதில் எழுதியது. குடும்பம் அப்படியே செய்தது; அஸ்தியில் ஒரு பாதி ஆற்றுக்கு, மறு பாதி சிகாகோவில் அப்பா அம்மா பக்கத்தில். வேலியிலிருந்து தெற்கே போனால் ரோச்செஸ்டர். மட் நதி க்ரீன் ஆற்றில் கலக்கும் இடம். அணைக்கட்டுக்குப் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு பூங்கா வைத்திருக்கிறார்கள். பூங்கா என்றால் புல்தரை, சில மேசைகள், தூண்டில் போட ஓர் இடம். பழுப்புத் தண்ணீர் கற்களின் மேல் இரைந்துகொண்டு விழுகிறது. கொஞ்ச தூரத்தில் இப்போதும் ஆற்றைக் கடக்கப் படகுத்துறை இருக்கிறது. பாலம் இல்லை, வண்டியையே தட்டையான படகில் ஏற்றி அக்கரையில் விடுகிறார்கள்.

படகுக்காரரிடம் அக்கா மகன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அக்கரைக்குப் போனால் பில் மன்ரோ பிறந்த ரோசைனுக்கு வழி இருக்கிறதாம். "போலாமா சித்தி? இருட்டறதுக்குள்ள போயிடலாம்னு சொல்றார்" என்றான். காலையில் ஊரில்லாத ஊருக்கு வந்ததற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன். வண்டியைப் படகில் ஏற்றச் சொன்னேன்.